நோவின் அருமை கண்ட மருத்துவர் பால் பிராண்ட்

நம் திருப்பூர் நகரத்துப் பனியன் சாலைகளுக்குள் சென்று பார்த்தவர்கள் வட்டப் பின்னல் எந்திரங்களின் இயல்பை நன்கு அறிவர். நூற்கண்டுகளிலிருந்து இறங்கும் இழை ஒவ்வொன்றும் ஒரு சிறு கருவியைக் கடந்தே ஊசிகளைச் சேர்கின்றது. இழை ஒன்று அறுந்தால் அக்கணமே விளக்கு எரியும், எந்திரமும் நின்றுவிடும். வேலை தடைப்படுகிறதே என்று அவ்விளக்கை வெறுப்பவர் எவரும் இலர். அஃது இல்லையேல் எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். துணியிலோ ஓட்டை விழுந்துகொண்டே போகும்.

மனித உடலில் அவ்விளக்கின் வேலையைச் செய்வது நோவு. தையல் மேசையில் அமர்ந்திருக்கும் தொழிலாளியின் விரலில் ஊசி பட்டவுடன் அவர் கையை வெடுக்கென இழுத்துக்கொள்கிறார். நெடுநேரம் ஒரே பக்கமாய்ப் படுத்திருப்பவர் உறக்கத்திலேயே புரண்டு படுக்கிறார். செருப்பின் ஆணி குத்தினால் நடையை மாற்றுகிறோம். இவற்றையெல்லாம் நாம் எண்ணிச் செய்வதில்லை. நோவு நம்மைச் செய்விக்கின்றது. அந்த நோவை இழந்தவர்களின் உடலில் தோன்றி, மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் ஆறாமல் நின்ற புண்களின் காரணத்தைத் தேடிக் கண்டவர் ஒருவர் நமக்கு அண்மையிலுள்ள கொல்லிமலையிலேயே பிறந்தவர். டாக்டர் பால் பிராண்ட் என்னும் அப்பெரியாரின் சரித்திரத்தை நம் கல்லூரி அன்பர்களுக்கு ஈண்டுச் சுருங்க உரைக்க முற்படுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

வல்வில் ஓரி ஆண்டதென்று தமிழ் நூல்களால் புகழப்பெற்ற கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. அம்மலைமேல் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்னும் ஆங்கிலேயத் தம்பதிகள் சமய ஊழியத்துடன் வைத்தியமும் கல்விப்பணியும் செய்து வந்தனர். அவர்களுக்கு 1914-ம் ஆண்டு ஜூலை மாதம் 17-ந் தேதி பால் மகனாகப் பிறந்தார். அந்நாளில் அம்மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. மலைக்காய்ச்சலோ மிகக் கொடியது. தந்தையார் ஓராண்டு மட்டுமே மருத்துவம் பயின்றவராயினும், பல் பிடுங்குவது முதல் நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியிற் சுற்றி வெளியே எடுப்பது வரை எல்லாவற்றையும் தாமே செய்து வந்தார். மரவேலையும் கட்டட வேலையும் அவருக்குக் கைவந்தவை.

சிறுவர் பால் மரமேறியும் பாறைகளில் தாவியும் மலைப்பிள்ளைகளோடு வளர்ந்தார். ஒரு நாள் தொழுநோயால் விரல் குறைந்த சிலர் புண்களுடன் வீட்டு வாயிலுக்கு வந்தனர். குழந்தைகள் விலகி நிற்கும்படி பணிக்கப்பட்டனர். தந்தையார் கையுறை அணிந்து புண்களைக் கழுவிக் கட்டினார். சீழும் இரத்தமும் கண்ட சிறுவருக்கு வைத்தியத்தின்மீதே அருவருப்பு உண்டாயிற்று. பிற்காலத்தில் அதே புண்களே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகுமென்று அன்று அவர் அறிந்திலர்.

ஒன்பதாம் பிராயத்தில் கல்விக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்ட பால், அதன்பின் தந்தையைக் காணவே இல்லை. 1929-ம் ஆண்டில் ஜெஸ்ஸி பிராண்ட் காய்ச்சலால் மலைமேலேயே உயிர் நீத்தார். அன்னையாரோ மனந்தளராது பணியைத் தொடர்ந்து, முதுமையிலும் மட்டக்குதிரை ஏறி மலையூர்களுக்குச் சென்று தொண்டு புரிந்து, 1974-ம் ஆண்டில் 95-ம் பிராயத்தில் காலமானார். கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அவர் அடக்கம் செய்யப்பெற்றார்.

தச்சரும் மருத்துவரும்

பள்ளிப்படிப்பை முடித்த பால் மருத்துவத்தை நாடவில்லை. தந்தையைப் போலவே கட்டடத் தொழிலில் புகுந்து, மரம் இழைக்கவும் கல் அடுக்கவும் சில வருஷங்கள் பயின்றார். பின்னர் ஒரு மருத்துவமனையில் பணி செய்தபோது, உயிர் பிரியும் நிலையிலிருந்த பெண்ணொருவர் இரத்தம் செலுத்தப்பெற்று முகம் தெளிந்து பேசியதைக் கண்டார். பழைய அருவருப்பு அன்றே அகன்றது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் சேர்ந்து மருத்துவம் கற்றார். இரண்டாம் உலகப்போரில் லண்டன்மீது குண்டுகள் பொழிந்த இரவுகளில் சிதைந்த கைகால்களைச் செப்பனிடும் சத்திர சிகிச்சையில் தேர்ச்சி பெற்றார். உடன் பயின்ற மார்கரெட் அம்மையாரை 1943-ம் ஆண்டில் மணந்தார். கண் மருத்துவராய்ப் பின்னர்ப் புகழ்பெற்ற அவ்வம்மையார், தொழுநோயாளரின் பார்வையைக் காப்பதில் பெரும்பணி ஆற்றினார்.

தச்சுத்தொழில் பயின்ற ஆண்டுகளை வீணானவை என்று எவரேனும் கருதினால் அது பிழையாகும். எந்த இடத்தில் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த மூட்டில் எவ்விதமாய் விசை செல்லும் என்னும் அறிவு உளிபிடித்த கையிலிருந்தே அவருக்கு வந்தது. புண்ணின் மர்மத்தை விளக்கியதும் அவ்வறிவேயாம்.

வேலூருக்கு வருகை

1946-ம் ஆண்டின் இறுதியில் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சத்திர சிகிச்சை கற்பிக்க வந்து சேர்ந்தார். மறு ஆண்டில், தொழுநோய் நிபுணரான டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டை அடுத்த திருமணியிலிருந்த தொழுநோய் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கிப் பருந்தின் நகம்போல் வளைந்த கைகளை நூற்றுக்கணக்கில் கண்டார். ஒருவரிடம் தம் கையைப் பற்றி இறுக்குமாறு கேட்டபொழுது, பயனற்றதெனத் தோன்றிய அக்கை இரும்புப் பிடியாய் அழுத்தியது. மருத்துவருக்கோ தாங்க முடியாத வலி. பற்றியவருக்கோ தாம் வலிக்கச் செய்கிறோம் என்பதே தெரியவில்லை.

அவ்வொரு கணத்தில் இரண்டு உண்மைகள் விளங்கின. ஒன்று, கையின் தசைகள் எல்லாம் அழியவில்லை. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலற்றபோதிலும் முன்கையின் பெருந்தசைகள் வலிமையுடனேயே இருக்கின்றன. மற்றொன்று, அவ்வலிமையை அளந்து பயன்படுத்தும் உணர்ச்சி அக்கையில் இல்லை. முதல் உண்மையைக்கொண்டு, நல்ல தசையின் நாணைப் பிரித்துச் செயலற்ற விரலுக்குப் பொருத்தும் சிகிச்சையை 1948-ம் ஆண்டு முதல் வேலூரில் நடத்தினார். மடங்கிய கைகள் விரிந்தன. சோறு பிசையவும் எழுதவும் வல்லவாயின. இரண்டாம் உண்மையோ அவரை இன்னும் நெடுந்தூரம் இட்டுச் சென்றது.

புண் ஆறாமைக்குக் காரணம்

தொழுநோய்க் கிருமியை 1873-ம் ஆண்டில் ஹான்சன் கண்டறிந்திருந்தார். 1940-களில் சல்போன் மருந்துகளும் வழக்கிற்கு வந்தன. கிருமி அடங்கிய பின்னரும் நோயாளரின் கால்களிற் புண் தோன்றுவதும் விரல்கள் குறைவதும் நிற்கவில்லை. இந்நோயுற்றார் தசையே கெட்டது, அது தானே அழுகுவது, ஆறும் ஆற்றல் அதற்கில்லை என்று மருத்துவர் பலரும் நம்பியிருந்தனர். புண்ணுக்கு மேன்மேலும் களிம்பிட்டனர். பயனில்லாதபோது காலை வெட்டினர்.

பிராண்ட் ஒரு வியப்பைக் கண்டார். தாம் கத்தியால் கீறிய இடம் மற்றவர் உடலிற்போலவே குறித்த நாளில் ஆறிவிடுகின்றது. அதே மனிதரின் பாதத்துப் பழம்புண் மட்டும் ஆறுவதில்லை. தசை கெட்டதாயின் இரண்டுமன்றோ ஆறாதிருத்தல் வேண்டும்? ஆகவே குற்றம் தசையில் இல்லை. அத்தசைக்கு நேர்வதில் இருத்தல் வேண்டும் என்று துணிந்தார்.

அதுமுதல் ஒவ்வொரு புதிய காயத்துக்கும் காரணம் காணும் துப்பறிவாளரானார். துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க அவர் இயலாது நின்றபொழுது, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை எளிதில் திருகித் திறந்தான். அவன் விரலைப் பார்த்தால் தோல் கிழிந்து எலும்பு தெரிந்தது. அவன் அதனை அறியவே இல்லை. மற்றொருவர் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கினார். கரடுமுரடான கைப்பிடியை இறுகப் பிடித்ததால் சிலர்க்குக் கொப்புளம் எழுந்தது. இரவில் விரலின் பகுதியே காணாமற்போனதன் காரணத்தைக் காவலிருந்து பார்க்க, எலிகள் வந்து கடிப்பது தெரிந்தது. உறங்குவோர்க்கு நோவு இல்லாமையால் விழிப்பு வரவில்லை. பின்னர் வீடு திரும்பும் நோயாளருடன் பூனையொன்றும் அனுப்பப்பட்டது. மருந்துச் சீட்டில் பூனை இடம்பெற்றது வைத்திய சரித்திரத்தில் அரிய செய்தியன்றோ!

பாதத்தின் கதை இன்னும் நுட்பமானது. நம் போன்றோர் நெடுந்தூரம் நடக்கையில் நம்மை அறியாமலே பாரத்தைக் குதிகாலுக்கும் ஓரத்துக்கும் மாற்றிக்கொள்கிறோம். நொந்த இடத்துக்கு ஓய்வு கொடுக்கிறோம். உணர்ச்சியற்ற பாதம் முதல் அடியை வைத்தவாறே கடைசி அடியையும் வைக்கும். ஒரே எலும்பு முனையின்கீழ் ஒரே இடம் நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை இடிக்கப்படும். அவ்விடம் முதலிற் சூடேறும், பின் வீங்கும், உள்ளே தசை நைந்து, முடிவில் தோல் பிளக்கும். புண்ணான பின்னும் அவர் அதன்மேலேயே நடப்பார். ஆறுவதற்கு அதற்கு நேரமேது?

அழுத்தத்தை அகற்றும் வழி

ஆகவே சிகிச்சை மருந்தில் இல்லை, அழுத்தத்தை அகற்றுவதில் உள்ளது என்பது தெளிவாயிற்று. உணர்ச்சியற்ற காற்புண்ணைச் சுண்ணக் கட்டுக்குள் வைத்து ஆற்றும் முறையை ஜோசப் கான் என்னும் மருத்துவர் 1930-களின் இறுதியில் நம் நாட்டிலேயே எழுதியிருந்தார். பிராண்டும் அவருடைய துணைவர்களும் அம்முறையைச் செம்மைப்படுத்திப் பரப்பினர். பாதத்தையும் கீழ்க்காலையும் ஒட்டியவாறு கட்டு அமையும்போது, உடலின் பாரம் ஒரு முனையில் விழாமல் பாதம் முழுதும், கெண்டைக்கால் வரையும் பரவுகின்றது.

கணக்கை மாணவர்கள் எளிதிற் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோகிராம் பாரம் 100 சதுர சென்டிமீட்டரிற் பரவினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 600 கிராமே தாங்கும். அதே பாரம் 10 சதுர சென்டிமீட்டரில் விழுந்தாலோ 6 கிலோகிராம் தாங்க நேரும். இந்தப் பாடத்தை நாம் பௌதிக வகுப்பில் படித்து மறந்துவிடுகின்றோம். பிராண்ட் அதனைக் கொண்டு கால்களைக் காத்தார். பல மாதம் ஆறாதிருந்த புண்கள் கட்டினுள்ளே சில வாரங்களில் மூடிக்கொண்டன.

ஆறிய கால் மீண்டும் வெறுந்தரையில் நடந்தால் புண் மீளுமன்றோ? ஆதலின் பாதரட்சையை நாடினார். தச்சரின் கை மீண்டும் விழித்தது. அடிப்பக்கம் தொட்டில்போல் வளைந்த மரச்செருப்புகளைச் செய்வித்து, விரலடி வளையாமலே நடக்கும்படி அமைத்தார். நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்மையான ரப்பரை உள்ளடியாக வைத்த செருப்புகளும் வழக்கிற்கு வந்தன. வேலூரை அடுத்த கரிகிரியில் 1950-களில் எழுந்த ஷீஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இப்பணிகளுக்கெல்லாம் நிலைக்களமாயிற்று. அங்கிருந்து இம்முறைகள் பல நாடுகளுக்கும் சென்றன.

கை மட்டும் போதாது

இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியையும் மறைத்தல் தகாது. கை நிமிர்ந்து சென்ற சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தனர். மடங்கிய கையைக் காட்டி முன்பு பிச்சை பெற்றனர். நல்ல கைக்கு இடுவார் இல்லை. நோயுற்றவர் என்னும் பெயரோ மாறவில்லை. வேலை கொடுப்பாரும் வீடு கொடுப்பாரும் இல்லை. மருத்துவர் திகைத்தார். கையைச் செப்பனிட்டவன் அக்கைக்கு வேலையும் தேடித் தரவேண்டும் என்று உணர்ந்து, வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் எளிய குடிசைக் குடியிருப்பை அமைத்து, நோயாளர்க்கு மரவேலை முதலிய தொழில்களைக் கற்பித்தார். கருவிகளைக் காயமின்றிப் பிடிப்பது எப்படி, மாலையில் கைகால்களைச் சோதிப்பது எப்படி என்பதும் அங்கே பாடமாயின. தச்சுத்தொழில் பயின்ற மருத்துவர் தாமே பட்டறையில் உபாத்தியாயராய் நின்றார்.

ஓர் இரவின் அச்சம்

ஒருமுறை நெடும்பயணம் செய்து லண்டனை அடைந்தவர், இரவில் காலுறையைக் கழற்றும்போது தம் குதிகாலில் உணர்ச்சியே இல்லை என்பதைக் கண்டார். ஊசியால் குத்தினார், நோகவில்லை. தொழுநோய் தம்மையும் பற்றியது என்று அஞ்சி, மனைவி மக்களைப் பிரிவதை எண்ணி அவ்விரவெல்லாம் துயின்றிலர். காலையில் மீண்டும் ஊசியை ஊன்ற, வலி சுரீரென்று ஏறியது. புகைவண்டியில் நெடுநேரம் அசையாது அமர்ந்ததால் நரம்பு மரத்துப்போனதே காரணம் என்று தெளிந்தார். அன்று அவர் வலிக்காக மகிழ்ந்ததுபோல் உலகில் மகிழ்ந்தார் சிலரே இருப்பர். தம் நோயாளர் நாள்தோறும் எதை இழந்து வாழ்கின்றனர் என்பதை ஓரிரவு அவரே அனுபவித்து அறிந்தார்.

அயல்நாட்டுப் பணி

1960-ம் ஆண்டில் ஆல்பர்ட் லாஸ்கர் பரிசும் அடுத்த ஆண்டில் பிரிட்டிஷ் அரசின் விருதும் அவரை அடைந்தன. 1966-ம் ஆண்டில் அமெரிக்க நாட்டு லூயிசியானாவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். நீரிழிவு நோயாளரின் பாதங்களும் உணர்ச்சியிழந்து அதே வகையிற் புண்ணாவதை ஆங்குக் கண்டு, வேலூரில் கற்றதை அவர்களுக்கும் பயன்படுத்தினார். தொழுநோயாளரின் கால்கள் கற்பித்த பாடம் அதனினும் பன்மடங்கு பெரிய மக்கட் கூட்டத்தின் கால்களைக் காக்கலாயிற்று.

நோவில்லாதவர்க்குச் செயற்கை நோவைப் படைக்கவும் அவரும் துணைவரும் பல ஆண்டுகள் முயன்றனர். அழுத்தம் அளக்கும் சிறு கருவிகளைக் கையுறையிலும் காலுறையிலும் வைத்து, அளவு மிஞ்சினால் காதில் ஒலி எழச் செய்தனர். நோயாளர் அதனைப் பொருட்படுத்தவில்லை. மின் அதிர்ச்சி தரச் செய்தனர். விரும்பிய வேலை குறுக்கிட்டபோது அவர்கள் பொறியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். நிறுத்த இயலாமையே நோவின் சிறப்பு என்பதை அத்தோல்வி அவருக்குக் கற்பித்தது.

படுக்கைப் புண்கள்

அழுத்தம் இரு வகையாய்ப் புண் செய்யும். நடப்பவர்க்குத் திரும்பத் திரும்ப விழும் இடியால் வரும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்க்கோ மெல்லிய அழுத்தமே போதும். அது மணிக்கணக்கில் நீங்காதிருந்தால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, முதுகின் அடியிலும் இடுப்பிலும் குதிகாலிலும் தசை பட்டுப்போகும். மேலே சிறு கறுப்புப் புள்ளி. உள்ளே எலும்பு வரை குழி. முதுகுத்தண்டு முறிந்தவர்களை அந்நாளில் பெரிதும் கொன்றது இப்புண்ணே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தில் டாக்டர் லுட்விக் குட்மான் அத்தகையோரை இரண்டு மணிக்கொருமுறை இரவும் பகலும் திருப்பிப் படுக்கவைத்துப் பிழைக்கச் செய்தார். அங்கும் மருந்தினும் மேலாய் நின்றது மனிதரின் கை.

வேலூரிலேயே இதற்கொரு சான்றுண்டு. 1954-ம் ஆண்டில் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியும் அசைவும் இழந்தார் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையார். அவருக்குச் சத்திர சிகிச்சை செய்தவர் பிராண்ட். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே கைகளுக்குச் சத்திர சிகிச்சை செய்யலாம் என்று அவரை ஊக்கியவரும் பிராண்டே. அம்மையார் தொழுநோயாளரின் கைகளைத் திருத்தினார். அயல்நாடு சென்று புனர்வாழ்வு மருத்துவம் கற்று மீண்டார். 1963-ம் ஆண்டு முதல் வேலூரில் அதற்கான துறைக்குத் தலைமை தாங்கினார். 1966-ல் நோயாளர் தங்கிப் பயிலும் நிலையத்தையும் ஏற்படுத்தினார். 1972-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்று, 1986-ல் காலமானார்.

முடிவுரை

டாக்டர் பிராண்ட் 1986-ம் ஆண்டில் ஓய்வுபெற்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாழ்ந்து, 2003-ம் ஆண்டு ஜூலை மாதம் 8-ந் தேதி 88-ம் பிராயத்தில் மறைந்தார். அவர் எந்தப் புதிய களிம்பையும் கண்டுபிடித்தவர் அல்லர். உடலுக்குத் தன்னை ஆற்றிக்கொள்ளும் ஆற்றல் உண்டு. நாம் செய்யத்தக்கது அதன் வழியிலுள்ள தடையை நீக்குவதே என்று காட்டியதுதான் அவர்தம் பெருமை.

அன்பர்களே, இது வேலூருக்கும் லண்டனுக்கும் மட்டும் உரிய கதையன்று. நம் ஊரில் சோதிப்பு மேசையருகிலும் இஸ்திரி மேசையருகிலும் காலைமுதல் இரவுவரை நின்றே உழைப்பவர் பலர். அவர்களுள் நீரிழிவால் பாதம் மரத்தவரும் உளர். நோவில்லை என்பதால் நோயில்லை என்று அவர்கள் எண்ணுகின்றனர். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தேனும் பார்த்தல், செருப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தல், ஓரிடம் சூடாயிருந்தால் ஓய்வு கொடுத்தல், சிறு புண்ணாயினும் அன்றே மருத்துவரைக் காண்டல் ஆகிய இவை ஒரு காலைக் காக்கும். வீட்டில் பாட்டனாரோ பாட்டியாரோ படுக்கையில் இருந்தால், அவர்களைக் குறித்த நேரத்தில் திருப்பிப் படுக்கவைப்பதும், முதுகைப் பார்ப்பதும், சத்துள்ள உணவு கொடுப்பதும் பேரப்பிள்ளைகளின் கடமை. ஆழ்ந்த புண்ணாகிவிட்டால் பட்ட தசையை நீக்குதலும் சத்திர சிகிச்சையும் மருத்துவரின் வேலை. ஆயினும் அழுத்தம் நீங்காவிடில் அவையும் நிலையா.

தம் உடலின் நோவை உணர இயலாதவர்க்காக, அருகிலிருப்பவர் உணர்தல் வேண்டும். கொல்லிமலையில் பிறந்த அம்மருத்துவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவேயாம்.